சில்லறை ராசாவுக்கு ஒரு சொல்

வாய்யா மாப்ள, திண்ணையில இப்படி உக்காரு. கொழும்புக்குப் போறியாம்ல? டிக்கெட்டு போட்டாச்சு, கறுப்புக் கண்ணாடி வாங்கியாச்சு, டீக்கடையில லந்தும் அடிச்சாச்சுன்னு கேள்வி. "நம்ம ஒத்த ரூவாயை நீட்டினா அவன் மூணரை ரூவா எண்ணி வைக்கணும்"னு சொன்னியாமே, அந்தச் சேதி நீ வர்றதுக்கு முந்தியே இங்க வந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருச்சு.

நல்லாத்தான் இருக்கு. இங்க பத்தாயிரம் வச்சிருக்கவன், விமானம் இறங்கினா முப்பத்தஞ்சாயிரக்காரன். ஒரு மணி நேரத்துல இப்படிப் பெரிய மனுசன் ஆகுறதெல்லாம் எங்க காலத்துல பொண்ணு கட்டினாத்தான் நடக்கும். உனக்கு அந்த யோகமும் அமையல, இந்த யோகமாவது இருக்கட்டும்.

ஆனா ஒரு சங்கதி. 1966 ஆகஸ்டு மாசம் உங்க பாட்டன் ராமேசுவரத்துல கப்பல் ஏறி, தலைமன்னார்ல போய் இறங்கி, நம்ம நூறு ரூவாயை நீட்டியிருந்தா, சர்க்கார் கணக்குப்படி சிலோன் காசு எவ்வளவு கிடைச்சிருக்கும் தெரியுமா? 63 ரூவா சொச்சம். முந்நூத்தி அறுபத்து மூணு இல்லய்யா, வெறும் அறுபத்து மூணு. காதுல பஞ்சு வச்சிருந்தா எடுத்துப்போடு. அவன் ரூவா பெருசு, நம்ம ரூவா சிறுசு. அப்ப அங்கிட்டு ஒருத்தன் உன்னை மாதிரியே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, "மெட்ராஸுக்குப் போனா நம்ம நூறு அங்க நூத்தம்பத்தேழு"ன்னு கடை வாசல்ல லந்து அடிச்சிருப்பான். அவன் பேரனைத்தான் நீ இப்ப பார்க்கப் போற.

எப்படின்னு கேக்குறியா? கேளு. அந்தக் கைப்பேசியைக் கவுத்து வை, அதுல இந்தக் கதை வராது.

ரெண்டு நாட்டு ரூவாயும் முன்னாடி ஒரே ரூவாதான். 1872-லயிருந்து சிலோன்ல ரூவாதான் சட்டப்படி காசு. அதுக்கு முந்தி பவுனு, ஷில்லிங்கு, ரிக்ஸ் டாலர்னு ஒரே குழப்பம். வெள்ளைக்காரத் தொரைமாருக்குக் காப்பித் தோட்டம் இருந்துச்சு, காப்பி பறிக்க ஆளு நம்ம பக்கத்துல இருந்து போச்சு. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம்னு கங்காணி கூட்டிட்டுப் போன சனம். அந்தச் சனத்துக்கு ஷில்லிங்கு எதுக்கு? ஊருக்குக் கொண்டாந்து கடனை அடைக்கணும், வயக்காட்டை மீட்கணும். வெள்ளி ரூவாதான் வேணும். அதனால நம்ம வெள்ளி ரூவாயே அங்கிட்டும் ரூவா. கூலிக்காரன் மடியில எந்தக் காசு முடியுவான்னு பார்த்துத்தான் ஒரு தேசத்துக் காசே மாறுச்சுன்னு சொன்னா, பெரிய படிப்புப் படிச்சவன் ஒத்துக்க மாட்டான். முழுசா அப்படி இல்லைன்னும் வையி. ஆனா பாதியாவது அதுதான்.

இதுல ஒரு லந்து பாரு. ரூவா நம்மகிட்ட இருந்து போச்சே ஒழிய, சில்லறையில அவன் நமக்கு மூத்தவன். 1872-லயே அவன் ரூவாய்க்கு நூறு சதம்னு வச்சுக்கிட்டான். நாம 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூவாய்க்குப் பதினாறணா, அணாவுக்கு மூணு துட்டு, துட்டுக்கு நாலு தம்பிடின்னு வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டுக் கெடந்தோம். நூத்துக்கு நூறுன்னு எண்ணிப் பழக நமக்கு அவனைவிட எண்பத்தஞ்சு வருசம் கூடப் புடிச்சிருக்கு. இதை டீக்கடையில சொல்லிப்பாரு.

அந்தக் காப்பித் தோட்டத்துக்குத் திரும்ப வர்றேன். காப்பியில ஒரு நோய் விழுந்துச்சு. இலையில துரு மாதிரி படியும். தோட்டம் தோட்டமாப் படுத்துச்சு. தோட்டத்துக்குக் கடன் குடுத்த ஓரியண்டல் பேங்கு 1884-ல கவுந்துச்சு. அது அடிச்ச நோட்டு ஊர் பூரா கையில இருக்கு. கவர்னர் கோர்டன் துரை, அந்த நோட்டுக்கு சர்க்கார் பொறுப்புன்னு சொல்லி நிப்பாட்டினார். அந்தக் கலவரத்துல இருந்துதான் சர்க்காரே நோட்டு அடிக்கிற ஏற்பாடு வந்துச்சு. நோட்டு அங்க அச்சானாலும் அதோட மதிப்பு நம்ம ரூவாயோட முடிச்சு. இங்க ரூவா ஏறினா அதுவும் ஏறும், இறங்கினா இறங்கும். கொழும்பு செட்டியார் தெருவுல ஒரு செட்டியார் உண்டியல் எழுதினா காரைக்குடியில அதே ரூவா. வட்டம் கொஞ்சம் பிடிப்பாக, அது செட்டியார் பிழைப்பு.

1949 செப்டம்பர்ல இங்கிலீஷ்காரன் பவுனைக் குறைச்சப்போ ரெண்டு ரூவாயும் கையைக் கோத்துக்கிட்டு அவன் பின்னாலேயே இறங்குச்சு. டாலருக்கு 4 ரூவா 76 காசு, இங்கிட்டும் அதே, அங்கிட்டும் அதே. 1950-ல கொழும்புல தனி மத்திய வங்கி வந்துச்சு. அமெரிக்காவுல இருந்து ஜான் எக்ஸ்டர்னு ஒருத்தர் வந்து முதல் கவர்னரா உக்காந்தார். சட்டப்படி முடிச்சு அவுந்துருச்சு. ஆனா பதினாறு வருசம் ரெண்டு ரூவாயும் அவுத்து விட்டும் பிரியாமதான் நின்னுச்சு.

பிரிச்சது யாரு? நாமதான்.

1965-ல பாகிஸ்தானோட சண்டை. மழை இல்ல. அமெரிக்கா உதவியை நிறுத்திப்புட்டான். உலக வங்கிக்காரன் வந்து உக்காந்து, ரூவாயைக் குறை, குறைச்சாத்தான் பணம்னு மென்னு முழுங்கிச் சொல்றான். நிதி மந்திரியா இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி முடியாதுன்னு நின்னார், ஆனா அந்த வருசக் கடைசியில அவர் பதவியில இல்ல. சச்சின் சௌத்ரி வந்தார். 1966 சூன் 6-ஆம் தேதி, இந்திரா அம்மா பிரதமர் ஆகி அஞ்சு மாசம்கூட முழுசா ஆகல, டாலர் 4.76-ல இருந்து 7.50-க்கு ஏறுச்சு. நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர் அப்ப காங்கிரஸ் தலைவர். அந்த அம்மாவைப் பிரதமர் நாக்காலியில உக்கார வச்சதே அவர்தான். அவருக்கு இது கொஞ்சமும் புடிக்கல. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல விரிசல் விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சிலோன்காரன் என்ன செஞ்சான்? "நீ இறங்கு, நான் வரல"ன்னு 4.76-லயே நின்னுட்டான். அவனுக்கும் பயம் இருந்துச்சு மாப்ள. அரிசி வெளிநாட்டுல இருந்து வரணும். ரூவாயைக் குறைச்சா அரிசி விலை ஏறும். 1953-ல அரிசி விலையில கை வச்சதுக்கு நாடே கடையடைச்சு, டட்லி சேனநாயக்க பதவியை விட்டுட்டு வீட்டுக்குப் போனவர். 66-ல மறுபடியும் அவர்தான் பிரதமர். சுட்ட விரல் அடுப்புக்கிட்ட போகுமா? போகல. ஒண்ணரை வருசம் போகல. 1967 நவம்பர்ல இங்கிலீஷ்காரன் திரும்பவும் பவுனை இறக்கினான், இந்தத் தடவை நாம நகரல, சிலோன் நகர்ந்துச்சு. நூத்துக்கு இருவது குறைச்சு டாலருக்கு 5.95. அப்பவும் அவன் நூறு நமக்கு 126.

இங்கதான் நீ கவனிச்சுக் கேக்கணும். தேசம் தேசமாக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இது வெறும் நம்பரு. ஒரு குடும்பத்துக்கு இது என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன்.

1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் அவங்க பிரதமர் சிறிமாவோ அம்மாவும் ஒப்பந்தம் போட்டாங்க. மலைநாட்டுல காப்பி போன எடத்துல வந்த தேயிலையை நாலு தலைமுறையா பறிச்ச நம்ம சனத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு அங்க குடியுரிமைன்னு பங்கு போட்டாங்க. மிச்ச ஒண்ணரை லட்சம் பேரைப் பத்து வருசம் கழிச்சுப் பாதிக்குப் பாதியாப் பிரிச்சாங்க. கத்திரிக்காய் கூறு வச்ச மாதிரின்னு சொல்ல வாய் வருது, சொல்லல. வர்ற குடும்பம் கொண்டு வர்ற பணத்துக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம், ஆனா அந்த வரம்பு 4,000 ரூவாய்க்குக் குறையக் கூடாதுன்னும் அதுல ஒரு பேச்சு. சிலோன் ரூவா நாலாயிரம். சேமநிதி, பணிக்கொடை, மாட்டை வித்தது எல்லாம் சேர்த்து அந்த நாலாயிரம்னு வச்சுக்க.

கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அந்த நாலாயிரம் இங்க நாலாயிரம். 66 சூனுக்கும் 67 நவம்பருக்கும் நடுவுல கப்பல் ஏறியிருந்தா 6,300. அதுக்கப்புறம் ஏறினா அஞ்சாயிரம் சொச்சம். 1978-ல வந்து இறங்கின குடும்பத்துக்கு? இரண்டாயிரத்து நூறு. அதே நாலாயிரம்தான்யா! அதே மலை, அதே கொழுந்து, அதே முதுகு. பேப்பர் எந்த ஆபீசு மேசையில எத்தனை வருசம் தூங்குச்சோ அதைப் பொறுத்து, இந்தக் கரையில வந்து பசு மாடு வாங்குறதா, ஆட்டுக்குட்டி வாங்குறதான்னு முடிவாச்சு. அதுலயும் கூட்டம் கூட்டமா வந்தது 67-க்கு அப்புறம்தான். நல்ல ரேட்டு இருந்த பதினேழு மாசமும் கப்பல்ல எடம் காலியாத்தான் கெடந்திருக்கும். கையில எவ்வளவு வந்துச்சுங்கிறது அவங்கவங்க தலையெழுத்து. நான் சொல்றது தாள்ல இருந்த ரேட்டு மட்டும்.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? தொங்கப்போடாத. உன் பெருமைக்கு இனிமேத்தான் எடம் வருது.

1978-ல ஏன் அப்படிக் கவுந்துச்சுன்னு கேளேன். கேக்க மாட்ட, நானே சொல்றேன். பத்து வருசமா அவன் ரூவாய்க்கு அவனே ஒரு ஒப்பனை போட்டு வச்சிருந்தான். 1968-ல ரெண்டு ரேட்டு வச்சான். அத்தியாவசியமான அரிசி, மாவு, மருந்துக்கு டாலர் 5.95. காரு, ரேடியோ மாதிரி சாமானுக்கு டாலர் வேணும்னா மேல 44 சதவீதம் குடுத்து ஒரு பத்திரம் வாங்கணும். அப்ப டாலர் எட்டரை ரூவா. பிற்பாடு 44 ஏறி 55 ஆச்சு, 65 ஆச்சு. சரி, வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணி டாலர் கொண்டாறவனுக்கு எந்த ரேட்டு? புதுசா ஏதாவது சாமான் ஏத்துமதி பண்ணா நல்ல ரேட்டு. தேயிலைக்கு? பழைய ரேட்டு! நாட்டுக்கே டாலர் கொண்டாறது தேயிலை, அதைப் பறிக்கிறவ நம்ம பொம்பளை, அவ கொழுந்துக்கு மட்டும் மட்ட ரேட்டு. நூறு வருசத்துக்கு முந்தி அவளோட பாட்டி மடிக்காக ரூவாயை வரவழைச்சானுக, பேத்தி மடியில இருந்தே எடுத்துக்கிட்டானுக.

ஆக, தாள்ல பார்த்தா 1975-லகூட அவன் ரூவாதான் உசத்தி. டாலர் அவனுக்கு ஏழு ரூவா, நமக்கு எட்டே கால். ஆனா கடையில பார்த்தா? பாணுக்கு, அதான் அவங்க ரொட்டிக்கு, விடியக்காலை வரிசை. ஒரு மாவட்டத்துல இருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போனா ரோட்டுல மறிச்சுப் பிடிப்பான். 73, 74-ல தோட்டத்துல பட்டினிச் சாவே விழுந்துச்சு. உசந்த ரூவா, பானையில ஒண்ணும் இல்ல. அதுல கொழுத்தது யாருன்னா யாழ்ப்பாணத்து வெவசாயிதான். வெங்காயமும் மிளகாயும் வெளியில இருந்து வரக்கூடாதுன்னு தடை போட்டதும் அவன் தோட்டத்து மிளகாய்க்குத் தங்க விலை. கல்வீடு கட்டினான், பிள்ளையைப் படிக்க வச்சான். நல்லா இருக்கட்டும், நமக்கென்ன.

இதுக்கு நடுவுல 1970 அக்டோபர்ல இன்னொரு கூத்து. நிதி மந்திரி என்.எம். பெரேரா, அம்பது ரூவா நூறு ரூவா நோட்டு செல்லாதுன்னுட்டார். சில நாள் கெடு, அதுக்குள்ள பேங்குல கட்டணும். "சிலோன் நோட்டு எந்நாளும் ஏறும்"னு நம்பி இந்தக் கரையில டிரங்குப் பெட்டியில போட்டு வச்சிருந்தவன் கடலை நீந்தியா போய்க் கட்டுவான்? நோட்டை எடுத்துப் பிள்ளைக்கு விளையாடக் குடுத்தான். நமக்கு 2016 நவம்பர்ல வந்த நோட்டு செல்லாதுங்கிற கூத்தைப் பெரிய புதுமைன்னு நீ நெனைச்சிருந்தா, அவன் அதை அப்பவே பார்த்துட்டான்.

1977-ல ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்தார். நவம்பர் பட்ஜெட்டுல அவரோட நிதி மந்திரி ரோனி டி மெல் ஒப்பனையைக் கழுவி விட்டார். பத்திரமும் கிடையாது, ரெண்டு ரேட்டும் கிடையாது. ஏழெட்டு ரூவாய்க்கு நின்ன டாலர் ஒரே மூச்சுல 16 ரூவா. அன்னைக்குத்தான் நம்ம ரூவா அவன் ரூவாயைத் தாண்டுச்சு. நாம ஓடி ஜெயிக்கல மாப்ள. நின்ன எடத்துலதான் நின்னோம். அவன் உண்மையைச் சொல்லிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம் நாம சும்மா இருந்தோமா? 1990-ல நம்ம ஒரு ரூவாய்க்கு அவன் ரெண்டே கால். அடுத்த வருசம் 91 சூலை 1-ஆம் தேதி ஒரு வெட்டு, 3-ஆம் தேதி ஒரு வெட்டு. கஜானாவுல மூணு வாரம் சாமான் வாங்கக்கூட டாலர் இல்லாம, ரிசர்வ் வங்கித் தங்கத்தை விமானத்துல ஏத்தி இங்கிலாந்துல அடகு வச்சோம். தாலிக்கொடியை அடகு வச்சுட்டு வர்ற மனுசன் மாதிரி யாரு மூஞ்சியையும் பார்க்காம ஏத்தினானுக. அப்ப ரிசர்வ் வங்கி கவர்னர் நாகர்கோயில்காரர் வெங்கிட்டரமணன். 93-ல பார்த்தா நம்ம ரூவா அவனுக்கு ஒண்ணரை ரூவா சொச்சம்தான். அங்க சண்டை நடக்குது, குண்டு வெடிக்குது, அவங்க ஜனாதிபதியையே மே மாசத்துல கொன்னுட்டானுக. அந்த நெலமையிலகூட அவன் ரூவா நம்ம ரூவாயை எட்டிப் பிடிக்கப் பார்த்துச்சு. இதையும் டீக்கடையில சொல்லு.

நீ இப்ப பீத்திக்கிற மூணரை எங்க இருந்து வந்துச்சுன்னா, 2022-ல இருந்து. கையிருப்பு டாலர் கரையக் கரைய, 203-ன்னு டாலரைக் கயித்துல கட்டி வச்சிருந்தாங்க. மார்ச்சுல கயிறு அந்துச்சு. மே மாசத்துக்குள்ள 360. ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு கையை விரிச்சான், அந்த நாட்டு வரலாத்துலயே முதல் தடவை. பெட்ரோல் வரிசையிலயே ஆளு செத்தான். பேப்பர் இல்லாமப் பள்ளிக்கூடத்துல பரீட்சை நின்னுச்சு. ரெண்டே முக்காலா இருந்த நம்ம ரூவா நாலரைக்கு ஏறினது அப்பதான். இன்னைக்கு இறங்கி மூணரைப் பக்கம் நிக்குது. நீ ராசா ஆனது அந்த வரிசையில நின்னவன் காசுலதான். அங்க போய் அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னா, ஆட்டோக்காரன் உன்னை கடற்கரையில இறக்கி விடுறேன்னு நடுக்கடல்ல இறக்கி விட்ருவான்.

சரி, மூணரை மடங்கு பணக்காரன்னு நெனைக்கிறியே, ஒரு விடுகதை. நம்ம பக்கம் நாலு படி ஒரு மரக்கா. உன் குதிர்ல பத்து மரக்கா நெல்லு. அவன் குதிர்ல அறுவது படி. யாரு வீட்டுல நெல்லு கூட? விரலை மடக்கு, மடக்கு. நாப்பதுக்கு அறுவது. 2023 கணக்குப்படி ஆளுக்கு இவ்வளவுன்னு வருமானத்தை டாலர்ல போட்டுப் பார்த்தா, கவுந்து எந்திரிச்ச சிலோன்காரனுக்கு நம்மைவிட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. அவன் படியால அளக்குறான், நீ மரக்காலால அளக்குற. அளவு பெருசா இருக்குன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போற.

போற எடத்துல செய்ய வேண்டியதைச் சொல்றேன், இதுக்காவது தலையாட்டு. விமான நிலையத்துல கையில இருக்கிறது பூராத்தையும் மாத்தாத. டாக்ஸிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதும். மிச்சத்தைப் புறக்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் உள்ள கடை நாலுல விசாரிச்சு மாத்து. "கமிஷன் இல்ல"ன்னு போர்டு வச்சிருந்தா ரேட்டுல எடுத்துக்குவான், அவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல. வாங்குற ரேட்டு என்ன, விக்கிற ரேட்டு என்னன்னு ரெண்டையும் கேளு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம்தான் உன் பணம் விழுற பள்ளம். ரசீதை வாங்கி வை. திரும்பி வரும்போது மிச்சத்தை மாத்த அதைக் கேப்பான்.

அப்புறம், பில்லைப் பார்த்து வாயைப் பொளந்து அங்கேயே மூணரையால வகுத்துக்கிட்டு நிக்காத, பின்னால வரிசை நிக்கும். மிச்சம் இருக்கிற நோட்டை "அடுத்த தடவைக்கு ஆகும், ஏறுனா லாபம்"னு பீரோவுல வச்சுப் பூட்டாத. டிரங்குப் பெட்டிக்காரன் கதை இப்பத்தான் கேட்ட. அங்கேயே மாத்திப்புடு. மாத்த முடியாத சில்லறை நின்னா, உங்க அத்தைக்கு அரைக்கிலோ நுவரெலியாத் தேயிலை வாங்கிட்டு வா. என்ன விலைன்னு அவ கேக்கும்போது மட்டும் சிலோன் ரூவாயிலேயே சொல்லு. மாப்ள நமக்காக ஆயிரக்கணக்குல செலவழிச்சிருக்கான்னு ஒரு வாரமாவது உனக்குக் கறிக்குழம்பு வைப்பா.